வண்டலூரில் உள்ளூர் யார், வெளியூர் யார்?

(பெற்றோரும் மாணவர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்காங்க. உங்களில் பாதிப் பேர் சின்ன வயசில் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் போயிருப்பீங்க. மீதிப் பேர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருப்பீங்க. அங்கே புலி இருக்கு, யானை இருக்கு என்று நான் வந்து சொல்லத் தேவையில்லை.

கூண்டு முன்னால் நிற்கிற குடும்பங்கள் அடிக்கடி கேட்கிற ஒரு கேள்வி உண்டு. “இது எந்த நாட்டு மிருகம்?” பெரும்பாலும் குழந்தைதான் கேட்கும். அப்பா பலகையைப் பார்ப்பார். அதற்குள் குழந்தை அடுத்த கூண்டுக்கு ஓடியிருக்கும். இன்றைக்கு அந்த ஒரு கேள்வியை மட்டும் கையில் எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால், அதற்குச் சரியான பதில் தெரியாததால் வீட்டில் கிளி வளர்த்து வழக்கில் மாட்டுகிறவர்கள் இருக்காங்க. செல்போனில் வீடியோ பார்த்துவிட்டு வெளிநாட்டுப் பாம்பை வாங்கி, அது வளர்ந்த பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் முழிக்கிறவர்களும் இருக்காங்க.

முதலில் கொஞ்சம் பழைய கதை. இந்தப் பூங்கா பிறந்தது வண்டலூரில் இல்லை, எழும்பூரில். 1855-ல் அருங்காட்சியக வளாகத்துக்குள் தொடங்கியது. அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எட்வர்ட் கிரீன் பால்ஃபர் என்கிற மருத்துவர், கர்நாடக நவாபிடம் பேசி அவர் வளர்த்த மிருகங்களை வாங்கிச் சேர்த்தார். பிறகு இடம் போதாமல் சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம் இருந்த பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாற்றினார்கள். வயதானவர்கள் அந்த இடத்தை மூர் மார்க்கெட் பக்கம் என்று சொல்வார்கள். அந்தக் காலத்துச் சென்னை ஜனங்கள் அருங்காட்சியகத்துக்கு ‘செத்த காலேஜ்’ என்றும், இதற்கு ‘உயிர் காலேஜ்’ என்றும் பேர் வைத்திருந்தார்கள். இதைவிடப் பொருத்தமாக யாரும் பெயர் வைத்துவிட முடியாது. நகரம் நெருக்கிக்கொண்டு வந்ததும் வண்டலூர் காப்புக்காட்டில் இடம் ஒதுக்கினார்கள். 1985 ஜூலை 24-ம் தேதி அன்றைய முதலமைச்சர் எம்.ஜி.ஆர். திறந்து வைத்தார். இன்றைக்கு மீட்பு மையத்தையும் சேர்த்து 602 ஹெக்டேர்.

சரி, கேள்விக்கு வருவோம். 1855-ல் ஒரு பையன் சிவிங்கிப்புலியைக் காட்டி, “இது எந்த நாட்டு மிருகம்?” என்று கேட்டிருந்தால் அப்பா யோசிக்காமல் “நம்ம நாட்டு மிருகம்” என்று சொல்லியிருப்பார். அது உண்மையும்கூட. தக்காணத்துப் புல்வெளிகளில் அப்போது சிவிங்கி ஓடிக்கொண்டிருந்தது. ராஜாக்கள் அதைப் பழக்கி மான் வேட்டைக்குக் கொண்டுபோனார்கள். 1952-ல் அந்த இனம் இந்தியாவில் அற்றுப்போய்விட்டது என்று அரசு அறிவித்தது. 2022 செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டில் விடுவதற்கு நமீபியாவிலிருந்து விமானத்தில் கொண்டுவர வேண்டியதாயிற்று. உள்ளூர் மிருகம் ஒன்று, நூறு வருஷத்துக்குள் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டிய மிருகமாகிவிட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், நம் மொழி அதை இன்னும் மறக்கவில்லை. ஒட்டகச்சிவிங்கி என்று சொல்கிறோமே, அதில் இருப்பது அந்தச் சிவிங்கிதான். ஒட்டகம் மாதிரி உருவம், சிவிங்கி மாதிரி உடம்பெல்லாம் புள்ளி. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மிருகத்துக்குப் பேர் வைக்க, நம்ம காட்டு மிருகத்தைக் கடன் வாங்கியிருக்கோம். கடன் கொடுத்தவர் போய்விட்டார். பேர் மட்டும் நிற்கிறது.

அதனால் வண்டலூரில் சுற்றும்போது ‘இந்தியா, வெளிநாடு’ என்று இரண்டாகப் பிரிக்காதீங்க. மூன்றாகப் பிரித்துப் பாருங்க. நம்ம தமிழ்நாட்டுக் காட்டில் இருப்பது ஒன்று. இந்தியாவில் வேறெங்கோ இருப்பது ஒன்று. கடல் தாண்டி வந்தது ஒன்று.

உதாரணத்துக்குச் சிங்கம். “இந்தியச் சிங்கம்” என்று பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் அது இயற்கையாக வாழ்கிற இடம் குஜராத்தில் கிர் காடும் அதைச் சுற்றிய பகுதியும்தான். இமயமலைக் கருங்கரடியும் இந்தியப் பிரஜைதான். சென்னை வெயிலில் அதைப் பார்த்தால் உங்களுக்கே பாவமாக இருக்கும். அதனால்தான் கோடையில் அதற்கு ஐஸ் கட்டிக்குள் பழம் வைத்துக் கொடுக்கிறார்கள், தண்ணீர்த் தொட்டி வைக்கிறார்கள். முதலையிலும் இப்படித்தான். குட்டையான அகல மூக்கோடு இருக்கிற சதுப்புநில முதலை நம்ம அமராவதி அணையிலும் சாத்தனூரிலும் இருப்பது. பக்கத்திலேயே நீளமான, ஒல்லியான மூக்கு; ஆணுக்கு நுனியில் குடம் கவிழ்த்த மாதிரி ஒரு முடிச்சு. அதுதான் கரியால். சம்பல், கங்கை நதிக்காரர். மீன் பிடிக்கத் தோதான மூக்கு அது.

வெள்ளைப்புலி முன்னால்தான் கூட்டம் அதிகம். “ரஷ்யாவா சார்? பனிப் பிரதேசமா?” என்று கேட்பார்கள். இரண்டும் இல்லை. அது தனி இனமே இல்லை. நம்ம சாதாரண வங்கப்புலிதான். அப்பா, அம்மா இரண்டு பேரிடமிருந்தும் ஒரு குறிப்பிட்ட மரபணு வந்து சேர்ந்தால் குட்டி வெள்ளையாகப் பிறக்கும். 1951-ல் ரேவா சமஸ்தானத்துக் காட்டில் மோகன் என்கிற வெள்ளைப்புலிக் குட்டியைப் பிடித்தார்கள். இன்றைக்கு உலகத்துப் பூங்காக்களில் இருக்கிற வெள்ளைப்புலிகளில் பெரும்பாலானவை அதன் வழிவந்தவை. நெருங்கின சொந்தத்துக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்ததால் பலவற்றுக்கு மாறுகண்ணும் வேறு உடல் குறைகளும் வந்தன. அழகாக இருக்கு, பாருங்க. ஆனால் என்னைக் கேட்டால், வண்டலூரில் அதைவிட நேரம் செலவழிக்க வேண்டிய கூண்டு வேறொன்று இருக்கு.

அது சிங்கவால் குரங்கு. முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி, மற்றபடி கறுப்பு, வால் நுனியில் ஒரு குஞ்சம். முக்கால்வாசிப் பேர் “குரங்குதானே” என்று அடுத்த கூண்டுக்குப் போய்விடுவார்கள். அந்தக் குரங்கு உலகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் கிடையாது. தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா மூன்று மாநிலத்திலும் சேர்த்துக் காட்டில் மிஞ்சியிருப்பது சில ஆயிரம்தான். மரத்து உச்சியிலேயே பிறந்து, தின்று, தூங்குகிற ஜாதி. மரம் விட்டு மரம் தாவ இடம் இருக்கிறவரை தரைக்கு இறங்காது. வால்பாறையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் காடு துண்டுதுண்டாகிப் போனதால்தான் சாலையில் இறங்கி நடக்கிறது, வண்டியில் அடிபடுகிறது. அங்கே சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் கயிற்றுப் பாலம் கட்டியிருக்கிறார்கள், பார்த்திருப்பீங்க. காட்டில் ஒரு இனம் அழிந்துபோனால் திரும்பவும் தொடங்க ஒரு விதைக்கூட்டம் வேண்டாமா? அதற்காகத்தான் பூங்காக்களில் திட்டமிட்டு வளர்க்கிறார்கள். சிங்கவால் குரங்குக்கு அந்தப் பொறுப்பில் வண்டலூர் முக்கியமான இடம். எந்த ஆணுக்கு எந்தப் பெண், யார் யாருக்கு உறவு என்பதற்கு ஏடு வைத்துப் பார்த்துத்தான் ஜோடி சேர்ப்பார்கள். வெள்ளைப்புலியில் நடந்தது இங்கே நடக்கக் கூடாது.

கடல் தாண்டி வந்தவர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீர்யானை ஆப்பிரிக்கா. அதன் தோலில் சிவப்பாக ஒன்று ஊறும். பார்த்துவிட்டு “ரத்தம் வருது சார்” என்று ஓடிவருவார்கள். ரத்தம் இல்லை. வெயிலிலிருந்தும் கிருமியிலிருந்தும் தோலைக் காப்பாற்ற அதுவே சுரக்கிற திரவம். சிம்பன்சியும் ஆப்பிரிக்காதான். அதற்கு வேலை கொடுக்காமல் விட்டால் மனிதனைப் போலவே மனசு கெட்டுப்போகும். அதனால் சாப்பாட்டை ஒளித்து வைத்துத் தேட விடுகிறார்கள். நெருப்புக்கோழி, ஈமு, மக்காவ் கிளி என்று பட்டியல் நீளும்.

இவர்கள் எல்லாம் எப்படி வந்தார்கள்? பணம் கொடுத்துக் கடையில் வாங்கியது இல்லை. ஒரு பூங்காவில் உபரியாக இருப்பதை இன்னொரு பூங்காவுக்குக் கொடுத்து, தங்களிடம் இல்லாததை வாங்கிக்கொள்வார்கள். அதற்கும் மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் அனுமதி வேண்டும். அரசுப் பூங்காவே இஷ்டத்துக்கு ஒரு மிருகத்தைக் கொண்டுவர முடியாது. இதை மனசில் வைத்துக்கொண்டு அடுத்த விஷயத்தைக் கேளுங்க.

2019 பிப்ரவரி. பாங்காக்கிலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு வந்த ஒரு பயணியின் பெட்டிக்குள்ளிருந்து முனகல் சத்தம். சுங்கத் துறையினர் திறந்து பார்த்தால் உள்ளே ஒரு சிறுத்தைக் குட்டி. பிறந்து ஒரு மாசம் இருக்கும். எடை ஒரு கிலோ சொச்சம். பால்புட்டியில் பால் கொடுத்துத் தேற்றி வண்டலூருக்கு அனுப்பினார்கள்.

இப்போது அந்தக் குழந்தையின் கேள்வியைக் கேளுங்க: இது எந்த நாட்டு மிருகம்? சிறுத்தை நம்ம நாட்டு மிருகம்தான். முதுமலையிலும் இருக்கு, வால்பாறையிலும் இருக்கு. ஆனால் இந்தக் குட்டி? அது எந்தக் காட்டில் பிறந்தது, அல்லது கூண்டிலேயே பிறந்ததா, எந்த வகைச் சிறுத்தையின் ரத்தம் ஓடுகிறது என்று பெட்டியில் எழுதி ஒட்டியிருக்காது. அம்மாவோடு வேட்டை பழகாத குட்டி. மனிதர் கையில் பால் குடித்தது. இப்படிப்பட்ட ஒன்றைத் தூக்கிக்கொண்டுபோய் சத்தியமங்கலத்தில் விட்டுவிட முடியுமா? விட்டால் அது சாகும், இல்லையென்றால் ஊருக்குள் வரும். சிறுத்தை என்கிற இனம் உள்ளூர். இந்தச் சிறுத்தைக்குப் போக ஊர் இல்லை.

இது ஏதோ ஒரு தடவை நடந்தது என்று நினைக்காதீங்க. சென்னை விமான நிலையத்தில் பெட்டிக்குள் மலைப்பாம்புக் குட்டி, ஆமை, குட்டிக் குரங்கு, பல்லி என்று பிடிபடுகிற செய்தி அடிக்கடி வருவது உங்களுக்கே தெரியும். பலவற்றை வந்த விமானத்திலேயே திருப்பி அனுப்புகிறார்கள். காலுறைக்குள் சுருட்டி, பிளாஸ்டிக் டப்பாவில் ஓட்டை போட்டு அடைத்துக் கொண்டுவருவதில் பாதி வழியிலேயே செத்துப்போவதும் உண்டு. யாருக்காகக் கொண்டுவருகிறார்கள்? கையில் இருக்கிற போனில் ரீல்ஸ் பார்த்து, “எவ்வளவு க்யூட்டா இருக்கு, விலை எவ்வளவு?” என்று கேட்கிற நமக்காகத்தான். வாங்க ஆள் இல்லையென்றால் எவன் பெட்டியில் கட்டப்போகிறான்?

இதில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். இங்கேதான் நிறையப் பேர் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்காங்க.

பலர் நினைப்பது இதுதான்: “பச்சைக்கிளி நம்ம ஊர்ப் பறவை, தோப்பில் பறக்கிறது, வளர்த்தால் என்ன? வெளிநாட்டுப் பறவை வளர்த்தால்தான் குற்றம்.” உண்மை ஏறக்குறைய நேர்மாறு. 1972-ம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் முதலில் காப்பாற்றுவது நம்ம ஊர் உயிர்களைத்தான். பச்சைக்கிளி, பெரிய பச்சைக்கிளி, மைனா, முனியா, நட்சத்திர ஆமை, உடும்பு, நாட்டுக்குரங்கு, அணில்கூட, காட்டிலிருந்து பிடித்து வீட்டில் வளர்க்கிற உரிமை யாருக்கும் இல்லை. பாட்டி காலத்திலிருந்து வளர்க்கிறோம், ஜோசியக்காரரிடம் வாங்கினோம், தானாகப் பறந்து வந்து உட்கார்ந்தது, எதுவும் எடுபடாது. கூண்டில் அழகாகப் பேசுகிற ஒரு கிளிக்காக, மரப்பொந்திலிருந்து கண் திறக்காத குஞ்சுகளைக் கைவிட்டு அள்ளுகிறார்கள். சந்தைக்கு வருவதற்குள் எத்தனை செத்திருக்கும் என்று விற்கிறவர் சொல்லமாட்டார்.

வெளிநாட்டுப் பறவையும் பிராணியும் வேறு கதை. அழிவு அபாயத்தில் இருக்கிற உயிர்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்துகிற சர்வதேச ஒப்பந்தம் ஒன்று இருக்கு, சைட்டீஸ் என்பார்கள். அந்தப் பட்டியலில் இருக்கிற வெளிநாட்டு உயிர்களை 2022-ல் திருத்திய சட்டம் நான்காம் அட்டவணையாகச் சேர்த்துக்கொண்டது. மக்காவ், காக்கட்டூ, ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, பால் பைத்தான் என்கிற மலைப்பாம்பு, பச்சை இகுவானா எல்லாம் இதில் வரும். இவற்றை வைத்திருக்கிறவர்கள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் மாநிலத் தலைமை வனவுயிரினக் காப்பாளரிடம் பதிவு செய்ய வேண்டும். விதிமுறை 2024 பிப்ரவரியில் வந்தது. ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு ஆறு மாதம் அவகாசம் கொடுத்தார்கள், அது முடிந்துவிட்டது. இனிமேல் கைக்கு வருகிற பிராணிக்கு முப்பது நாளுக்குள் பதிய வேண்டும். பதிந்ததோடு முடியாது. குஞ்சு பொரித்தால், செத்துப்போனால், வேறொருவருக்குக் கொடுத்தால் அதையும் தெரிவிக்க வேண்டும்.

“எங்க வீட்டில் லவ் பேர்ட்ஸ் இருக்கே, அதுக்கும் பதியணுமா?” என்று எந்தக் கூட்டத்திலும் ஒருவர் எழுந்திருப்பார். நம்ம கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்பது பெரும்பாலும் ஆஸ்திரேலியாவின் பட்ஜி. அதுவும் காக்கட்டைலும் தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் வளர்கிற பறவைகள். அந்தப் பட்டியலில் இல்லை. பயப்படாதீங்க. கூண்டு மட்டும் கொஞ்சம் பெரிதாக வாங்குங்க.

ஆகவே ஒரு பிராணியை யாராவது வாட்ஸ்அப்பில் விலைக்குக் காட்டினால் முதலில் கேட்க வேண்டியது விலை இல்லை. எந்த ஊர் உயிர்? நம்ம ஊர் என்றால் அங்கேயே நிறுத்துங்க. வெளிநாடு என்றால் இறக்குமதி அனுமதி அல்லது வளர்ப்பவரின் பதிவு எங்கே என்று கேளுங்க. “பேப்பர் அப்புறம் தர்றேன்” என்றால் அந்த அப்புறம் வரவே வராது. அதோடு இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்க: இது எத்தனை வருஷம் வாழும்? பெரிய மக்காவ் ஐம்பது வருஷத்தைத் தாண்டும். உங்க பத்து வயசுப் பிள்ளை ஆசைப்பட்டு வாங்கினால், அதன் பேரப்பிள்ளைகூட அதற்கு வேர்க்கடலை உடைத்துப் போட வேண்டியிருக்கும். கண்ணுக்குப் பக்கத்தில் சிவப்புக் கோடு போட்ட, ஐம்பது பைசா அளவு ஆமைக்குட்டியை மீன் கடையில் பார்த்திருப்பீங்க. அமெரிக்க ஆமை. நாலைந்து வருஷத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவு வந்துவிடும். அதுவரை ஆசையாக வளர்த்தவர்கள் ஒருநாள் கோயில் குளத்தில் கொண்டுபோய் விடுகிறார்கள், ஏதோ புண்ணியம் செய்கிற மாதிரி. அது அந்தக் குளத்தில் இருக்கிற நம்ம ஊர் ஆமையின் இடத்தையும் சாப்பாட்டையும் பிடுங்கிக்கொள்ளும். வெளியூர் உயிரைத் தயவு செய்து ஏரியிலோ, காட்டிலோ விடாதீங்க.

அப்படியானால் வீட்டில் ஏற்கெனவே ஒரு பச்சைக்கிளி இருந்தால்? கதவைத் திறந்து பறக்கவிடுவதும் சரி இல்லை. இறக்கை வெட்டிய, வருஷக்கணக்கில் பறக்காத கிளி அடுத்த தெருவைத் தாண்டாது. காக்கையோ பூனையோ பிடித்துவிடும். அருகில் இருக்கிற வனச்சரக அலுவலகத்தில் ஒப்படையுங்க. வெட்டின இறகு உதிர்ந்து புதுசு முளைக்கணும், பெரிய கூண்டில் பறக்கப் பழகணும், மனிதரைக் கண்டால் விலகணும். அதற்கு மாசக்கணக்கில் ஆகும். அதன் பிறகுதான் விடுவார்கள். சில கிளிகள் கடைசிவரை தேறாது. அடிபட்ட மயில், பட்டம் நூலில் சிக்கின ஆந்தை இவற்றுக்கும் வனத்துறைதான். 1962 என்கிற எண் ஆடு மாடுகளுக்கான ஆம்புலன்ஸ். நல்ல சேவை, ஆனால் காட்டு உயிருக்கு அது இல்லை.

அடுத்து கம்பிக்கு வெளியே நிற்கிற நம்மைப் பற்றி ஒரு வார்த்தை. வேலியும் அகழியும் மிருகத்திடமிருந்து நம்மைக் காப்பாற்ற மட்டும்தான் என்று நினைக்கிறோம். 2021-ல் வண்டலூரில் நடந்ததை நினைத்துப் பாருங்க. கொரோனா இரண்டாவது அலை. பூங்காவைப் பார்வையாளர்களுக்கு மூடியிருந்தார்கள். மே மாசக் கடைசியில் சில சிங்கங்கள் சரியாகச் சாப்பிடவில்லை, இருமின. ஜூன் 3-ம் தேதி நீலா என்கிற ஒன்பது வயசுப் பெண் சிங்கம் இறந்தது. பதினொரு சிங்கங்களின் மாதிரியைப் போபாலில் இருக்கிற ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள், ஒன்பதுக்குக் கொரோனா. மரபணுவைப் படித்துப் பார்த்தபோது, அப்போது ஊரையே உலுக்கிக்கொண்டிருந்த அதே டெல்டா வகை. ஜூன் 16-ம் தேதி பத்மநாதன் என்கிற பன்னிரண்டு வயசு ஆண் சிங்கமும் போய்விட்டது. மற்றவற்றை மருத்துவர்களும் பராமரிப்பாளர்களும் கவச உடை போட்டுக்கொண்டு ராத்திரி பகலாகப் பார்த்துத் தேற்றினார்கள். அந்த நேரத்தில் நம்மில் பலர் வீட்டில் ஒருவரை இழந்து உட்கார்ந்திருந்தோம். சிங்கத்தைப் பற்றி நினைக்க யாருக்கு நேரம் இருந்தது? ஆனால் அது மனிதரிடம் பரவிக்கொண்டிருந்த அதே நோய். பூட்டின கதவையும் தாண்டி அதுகளிடம் போய்ச் சேர்ந்தது.

அதனால் கம்பியைத் தாண்டிக் கை நீட்டாதீங்க, துப்பாதீங்க, பாதி தின்ற சிப்ஸைக் குரங்குக்குப் போடாதீங்க என்று ஊழியர் சொன்னால் கோபப்படாதீங்க. தூங்குகிற புலியை எழுப்பி போட்டோ எடுக்கணும் என்று கல்லெறிகிறவர்களை நீங்களே பார்த்திருப்பீங்க. புலி ஒரு நாளில் பெரும்பகுதி தூங்குகிற மிருகம், காட்டிலும் அப்படித்தான். பூங்காவில் மிருகத்தைச் சீண்டுவதும், தீனி போடுவதும், கத்தித் தொந்தரவு செய்வதும், குப்பை போடுவதும் சட்டப்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை உண்டு. சும்மா எழுதி வைத்த பலகை இல்லை அது.

உதவ ஆசை இருக்கிறவர்களுக்கு வேறு வழி இருக்கு. பூங்காவின் இணையதளத்தில் தத்தெடுப்புத் திட்டம் என்று பார்த்திருப்பீங்க. தத்து என்றதும் சிலர் வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்கிறார்கள், முடியாது. அந்த மிருகத்தின் சாப்பாட்டுச் செலவைக் குறிப்பிட்ட காலத்துக்கு நீங்க ஏற்கிறீங்க, அவ்வளவுதான். 2018-ல் நடிகர் சிவகார்த்திகேயன் அனு என்கிற வெள்ளைப்புலியை இப்படித் தத்தெடுத்தது செய்தியில் வந்தது. புலிக்கும் யானைக்கும்தான் ஆள் வரும். சின்னப் பறவைக்கும் ஆமைக்கும் செலவு ரொம்பக் குறைவு. பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஒரு நாள் சாப்பாடு போடலாம். யாரும் கேட்காத ஒரு மிருகமாகத் தேர்ந்தெடுங்க.

போகிறவர்களுக்குச் சில விவரம். டிக்கெட்டைப் போனிலேயே எடுத்துக்கொள்ளலாம். விடுமுறை நாளில் வரிசையில் நிற்கிற நேரம் மிச்சம். கட்டணமும் உலா வண்டி விவரமும் அவ்வப்போது மாறும். யாரோ போன வருஷம் போட்ட வீடியோவை நம்பாமல் பூங்காவின் சொந்த இணையதளத்தில் பாருங்க. போலி டிக்கெட் பக்கங்களில் பணம் கட்டி ஏமாறாதீங்க. ரயிலில் வந்தால் வண்டலூர் ஸ்டேஷன். பஸ்ஸில் வந்தால் கிளாம்பாக்கம் பக்கம்தான். நடை நிறைய இருக்கு. பெரியவர்களைக் கூட்டிப்போனால் பேட்டரி வண்டி கிடைக்கிறதா என்று முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்க. 2016 டிசம்பரில் வர்தா புயல் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. நட்டது வளர்ந்துகொண்டிருக்கு என்றாலும் வெயில் நேரத்தில் தொப்பி வேண்டும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கை வீட்டிலேயே விட்டுவிட்டுத் தண்ணீரை ஸ்டீல் பாட்டிலில் எடுத்துப் போங்க.

மழைக்காலம் முடிந்து டிசம்பர், ஜனவரியில் போனால் உள்ளே இருக்கிற ஓட்டேரி ஏரிப் பக்கம் கொஞ்ச நேரம் நில்லுங்க. மழை நன்றாகப் பெய்த வருஷத்தில் கூண்டும் வேலியும் இல்லாமல் அங்கே பறவைக் கூட்டம் இறங்கும். வடக்கே ரொம்ப தூரத்திலிருந்து வலசை வந்து, நாலு மாசம் இருந்துவிட்டுத் திரும்பிப் போகிற பறவைகளும் அதில் உண்டு. நம்ம சட்டம் அவற்றையும் நம்ம பறவையாகவே காப்பாற்றுகிறது. உள்ளூரா வெளியூரா என்று உங்க பிள்ளை கேட்டால், இதற்கு நீங்களே ஒரு பதில் யோசித்து வையுங்க. செவ்வாய்க்கிழமை மட்டும் கிளம்பிவிடாதீங்க. அன்றைக்குப் பூங்காவுக்கு விடுமுறை.